தென்சுவர் ஏமாற்றிய மரம்

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் என் தங்கை மகன், ஓர் ஏப்ரல் முதல் வாரத்தில் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினான். முதல் படத்தில் வாசல் சுவரை ஒட்டி ஒரு மரம். ஓர் இலைகூட இல்லை. கிளையே தெரியாதபடி பூ. வெளிர் ரோஸ் நிறம், ஒவ்வொன்றும் காபி டபரா அகலம். இரண்டாவது படம் மறுநாள் மாலை எடுத்தது. அதே மரம், அதே பூக்கள். ஆனால் அத்தனையும் நனைந்த பழுப்புக் காகிதம்போலத் துவண்டு தொங்கின.

கொஞ்ச நேரத்தில் போனும் வந்தது.

"மாமா, ஒரே ராத்திரியில இப்படி ஆயிடுச்சு. ஏதாவது நோயா? வெட்டிடலாமான்னு இவ கேக்கறா. எதிர்வீட்டுலயும் இதே மரந்தான். அதுல இன்னும் மொட்டே விரியல, அது பாட்டுக்கு நல்லா நிக்குது."

"நேத்து ராத்திரி எவ்வளவு குளிர்?"

"மைனஸ் மூணு."

"அதுக்கு முன்னாடி பகல்ல?"

"போன வாரம் பூரா இருபது டிகிரி மாமா. ஸ்வெட்டர்கூடப் போடல."

"நோயெல்லாம் இல்லடா. வெட்டாதே" என்றேன். ஆனால் அவன் கேள்வியின் மறுபாதி எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரே ஜாதி மரம், ஒரே தெரு, ஒரே இரவு. ஒன்று கருகியது, ஒன்று தப்பியது. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், மேக்னோலியாவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

செண்பகத்தின் சொந்தக்காரர்கள்

மேக்னோலியா என்றதும் ஏதோ அந்நியப் பெயராகத் தோன்றும். நம் செண்பகமே ஒரு மேக்னோலியாதான். குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களில் ஒன்று. குற்றாலத்தில் ஓர் அருவிக்கே பெயர் தந்த மரம். தாவரவியலார் முன்பு அதை மைக்கேலியா என்ற தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள். இப்போது மேக்னோலியாவோடு சேர்த்துவிட்டார்கள். மேக்னோலியா என்ற பெயர் பிரான்ஸின் மான்பெலியே நகரத்துத் தாவரவியலார் பியேர் மேக்னோலின் நினைவாக வந்தது. கரீபியத் தீவான மார்ட்டினிக்கில் கண்ட ஒரு மரத்துக்கு 1703-ல் சார்ல் ப்ளூமியே அந்தப் பெயரைச் சூட்டினார்.

உறவை உங்கள் கையாலேயே சோதிக்கலாம். செண்பகக் கிளையின் நுனியை எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் இலைக்காம்பு ஒட்டும் இடத்திலும் கிளையைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று ஓடும், விரலில் மோதிரம் கழற்றிய தடம்போல. இளம் மொட்டைப் பொத்தி வைத்திருந்த இலையடிச் செதில் உதிர்ந்த தழும்பு அது. நியூ ஜெர்சியில் என் தங்கை மகன் வீட்டு மரத்திலும் அதே வளையம் இருக்கிறது. அவன் வீட்டுக்குப் பின்னால் காட்டில் நிற்கும் டூலிப் மரத்திலும் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் இன்று இரண்டே பேரினங்கள்தான்: மேக்னோலியா ஒன்று, டூலிப் மரம் இன்னொன்று.

டூலிப் மரம் என்ற பெயரால் நம் ஊரில் குழப்பம் வரும். தெருவோரங்களில் சிவப்புக் கொத்தாகப் பூக்கும் ஆப்பிரிக்க டூலிப் மரம் வேறு குடும்பம். ஆங்கில நூல்கள் நம் பூவரசையும் இந்திய டூலிப் மரம் என்று எழுதுவதுண்டு. அதுவும் வேறு, பருத்திக்குச் சொந்தம். இந்த அத்தியாயத்தில் வருவது லிரியோடென்ட்ரான். அதில் இரண்டே இனங்கள். ஒன்று அமெரிக்காவின் கிழக்குப் பாதியில், மற்றொன்று சீனாவிலும் வியட்நாமிலும். நடுவில் ஒரு பெருங்கடலும் கண்டத்தின் பாதியும் கிடக்கின்றன. மேக்னோலியாக்களும் ஏறக்குறைய அப்படித்தான்: ஒரு கூட்டம் அமெரிக்காக்களில், மறு கூட்டம் ஆசியாவின் கிழக்கிலும் தெற்கிலும். ஒரு காலத்தில் வடகோளம் முழுவதும் பரவியிருந்த காடு, பனியுகங்களில் சுருங்கி இரண்டு ஓரங்களில் மிஞ்சியது. செண்பகம் ஆசிய ஓரத்தில் மிஞ்சியவர்களில் ஒன்று.

வண்டுக்குத் திறந்த வீடு

செண்பகப் பூ ஒன்றைப் பிய்த்துப் பார்ப்போம். செம்பருத்தியில் பச்சைப் புல்லிதழ் தனி, சிவப்பு அல்லிதழ் தனி. செண்பகத்தில் அந்தப் பிரிவு கிடையாது. எல்லாம் ஒரே மாதிரி இதழ்கள். நடுவில் ஒரு சிறு கூம்பு. அதன் அடியில் மகரந்தத் தாள்களும் மேலே சூலகங்களும் திருகாணி மரைபோலச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. குழாய் இல்லை, ரகசிய அறை இல்லை, எல்லாம் திறந்த வீடு.

இந்த அமைப்பு வண்டுகளுக்கானது. வண்டு தேனீபோல நாசூக்காக வராது. விழுந்து, புரண்டு, மகரந்தத்தைத் தின்று, இதழையும் கடித்துவிட்டுப் போகும். அதனால்தான் மேக்னோலியாவின் இதழ் தடிப்பு, சூலகம் கெட்டி. பல மேக்னோலியாக்களில் பூ விரியும்போது பெண் பாகம் முதலில் தயாராக இருக்கும். பிறகு இதழ்கள் ஒருமுறை கூம்பித் திரும்ப விரியும்போது ஆண் பாகம் மகரந்தம் உதிர்க்கும். முதல்முறை வந்த வண்டு வேறு பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கும்; இரண்டாம் முறை வந்தது இந்தப் பூவின் மகரந்தத்தை வாரிக்கொண்டு போகும். மிகப் பழைய ஏற்பாடு இது. அமெரிக்காவின் கான்சாஸில் கிடைத்த, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைபடிவத்தில் இதே திருகுக் கூம்பைக் காணலாம். அதற்கு ஆர்க்கியாந்தஸ் என்று பெயர்.

நம் கதைக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: இதழ் தடிப்பானது, உள்ளே நீர் நிறைந்தது.

இலைக்கு முன்னால் பூ

இலையில்லாமல் பூப்பது நமக்குப் புதிதில்லை. மாசி, பங்குனியில் இலவ மரத்தையும் புரச மரத்தையும் பார்த்தவர்களுக்கு அது தெரியும். இலை மறைக்காததால் பூ தொலைவிலிருந்தே தெரியும். நம் ஊரில் அவற்றுக்கு ஆபத்து எதுவும் இல்லை. அமெரிக்காவின் வடகிழக்கில் அதே பழக்கம் சூதாட்டமாகிறது.

என் தங்கை மகன் வீட்டுப் பூ ஏப்ரலில் உருவானதில்லை. முந்தைய கோடையிலேயே, இலைகள் பசுமையாக இருக்கும்போதே, கிளை நுனியில் மொட்டு தயாராகிவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் அது ஒரு ரோமக் கூட்டுக்குள் தூங்குகிறது. தொட்டால் பூனைக்குட்டியின் காதுபோல இருக்கும். தூக்கத்தில் இருக்கும் மொட்டுக்கு மைனஸ் 15-ஆல்கூட எதுவும் ஆகாது. ஆபத்து விழித்த பிறகுதான்.

மரம் எப்படி விழிக்கிறது? அது இரண்டு கணக்குகள் வைத்திருக்கிறது. முதல் கணக்கு குளிர்த் தேவை. குளிர்ந்த நாட்கள் போதுமான அளவு கழிந்தால்தான் மொட்டின் ஆழ்ந்த தூக்கம் கலையும். ஜனவரியில் திடீரென்று நான்கு நாள் வெயில் அடித்தால் ஏமாந்துபோகாமல் இருக்க இந்த ஏற்பாடு. இலையுதிர்க்கும் மேக்னோலியாக்கள் சென்னையில் சரிவரப் பூக்காததற்கு இதுவே முக்கியக் காரணம். அவற்றின் குளிர்க் கணக்கு இங்கே நிறைவதே இல்லை. செண்பகத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது.

இரண்டாவது கணக்கு வெப்பச் சேமிப்பு. குளிர்த் தேவை தீர்ந்ததும், மரம் ஒவ்வொரு நாளின் வெப்பத்தையும் உண்டியலில் காசு போடுவதுபோலச் சேர்க்கிறது. உண்டியல் நிறைந்ததும் மொட்டு விரியும். மரத்துக்கு நாள்காட்டி தெரியாது. சேர்ந்த வெப்பம்தான் தெரியும். எதிர்வீட்டுப் புதிர் இந்த இடத்தில்தான் அவிழ்கிறது.

ஒரு தெரு, இரண்டு உண்டியல்கள்

கணக்கு எளிதாக இருக்கச் சில எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். நாளின் சராசரி வெப்பம் 5 டிகிரியைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டிகிரியும் ஒரு காசு. சராசரி 8 டிகிரி என்றால் 3 காசு. மொட்டு விரிய 90 காசு வேண்டும். சேமிப்பு மார்ச் 10-ல் தொடங்குகிறது.

என் தங்கை மகனின் வீட்டு வாசல் தெற்குப் பார்த்தது. வடகோளத்தில் அந்த அட்சரேகையில் சூரியன் குளிர்காலம் முழுவதும் தெற்கில் தாழ்வாகவே போகும். தென்சுவர் பகலெல்லாம் வெயில் குடித்து, மாலையில் அந்தச் சூட்டைத் திருப்பித் தரும். சுவரோரம் சராசரி 10 டிகிரி என்று வைப்போம். நாளுக்கு 5 காசு. 18 நாளில் உண்டியல் நிறைந்துவிடும். மார்ச் 27-ல் பூ.

எதிர்வீட்டு வாசல் வடக்குப் பார்த்தது. வீட்டின் நிழல் நாள் முழுவதும் மரத்தின்மேல். சராசரி 7 டிகிரி. நாளுக்கு 2 காசு. மார்ச் முடியும்போது கையில் 44 காசுதான். ஏப்ரலில் வெயில் ஏறி நாளுக்கு 5 காசு கிடைத்தாலும், மீதி 46-ஐச் சேர்க்கப் பத்து நாள் ஆகும். ஏப்ரல் 10-ல் பூ.

ஒரே மரம், எதிரெதிர் வாசல், இரண்டு வார வித்தியாசம். ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி இறங்கியபோது தென்சுவர் மரம் முழுதாக விரிந்து நின்றது. வடவாசல் மரம் ரோமக் கூட்டுக்குள் இருந்தது.

இன்னொரு சோதனை. தாமதமாகப் பூக்கும் வேறொரு வகை. அதற்கு இரட்டிப்பாக 180 காசு வேண்டும். அதைத் தென்சுவரில் நட்டால்? மார்ச்சிலேயே 110 காசு சேர்ந்துவிடும். ஏப்ரலில் அங்கே நாளுக்கு 8 காசு. ஒன்பதே நாளில் மீதி 70-ம் தாண்டிவிடும். ஏப்ரல் 9-ல் பூ. அதாவது, முன்பூக்கும் வகை வடவாசலில் விரியும் அதே நாட்களில். விலை கொடுத்து வாங்கிய தாமதத்தைத் தென்சுவர் தின்றுவிட்டது. அதே 180 காசு வகையை வடவாசலில் நட்டிருந்தால் ஏப்ரல் 28 ஆகியிருக்கும். நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் உறைபனி இரவுகள் ஓயத் தொடங்கும் நேரம் அது.

குளிர் தாங்காத பூவை வீட்டின் வெதுவெதுப்பான மூலையில் வைத்துக் காக்க வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். தாய்மனம் அப்படித்தான். மேக்னோலியாவுக்கு அந்தக் கரிசனமே எமன். வசந்தத்தில் பூப்பதை வடக்கிலோ, காற்றோட்டமுள்ள திறந்த வெளியிலோதான் நட வேண்டும்.

மார்ச் மாதமே எல்லா இடத்திலும் சூடாகிப் போனால்? 2007-ல் அதுதான் நடந்தது. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் மார்ச் வழக்கத்தைவிட மிகவும் வெதுவெதுப்பாக இருந்தது; மரங்கள் அவசரப்பட்டு விழித்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் கடும் உறைபனி வந்து பல நாட்கள் நீடித்தது. பழத்தோட்டங்களும் கோதுமையும் பெரும் சேதம் கண்டன. குளிர்காலம் இதமாகிக்கொண்டே போகும் காலத்தில், மேக்னோலியாவுக்கு ஆபத்து குறையும் என்று எண்ணிவிட முடியாது. முன்கூட்டி விழிக்கிற மரம் உறைபனிக்கு முன்னால் அதிக நாட்கள் நிற்கும்.

இதழுக்குள் நடந்தது

தெளிந்த, காற்றில்லாத இரவில் பூமியின் சூடு வானத்துக்குத் தடையின்றிப் போய்விடும். மேகம் இருந்தால் போர்வைபோலத் தடுக்கும். அப்படிப்பட்ட தெளிந்த இரவில் வானத்தைப் பார்த்து விரிந்திருக்கும் இதழ் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. கனமான குளிர்காற்று தண்ணீர்போலப் பள்ளத்துக்கு ஓடி அங்கே தேங்கும்.

இதை ஊட்டிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி முதலில் வெள்ளை விரிப்பது தலைக்குந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில்தான். தேயிலைக் கொழுந்து கருகுவதும் பள்ளத்துத் தோட்டங்களில் அதிகம். தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மலார் என்னும் செடியைக் கொண்டு மற்றச் செடிகளை மூடிவைப்பது அந்த வானத்துக்கும் செடிக்கும் நடுவே ஒரு கூரை போடத்தான். ஆகவே அமெரிக்க வீட்டுத் தோட்டத்திலும் சரிவின் அடியில், வேலி மறித்த பள்ளத்தில், முன்பூக்கும் மேக்னோலியாவை நடக் கூடாது.

உறைநிலைக்குக் கொஞ்சம் கீழே போனதும் இதழில் செல்களுக்கு இடையே உள்ள நீர் பனிப்படிகமாகிறது. அந்தப் படிகம் செல்லுக்குள் இருக்கும் நீரையும் உறிஞ்சி வெளியே இழுக்கிறது. செல்லின் மெல்லிய சவ்வு கிழிகிறது. விடிந்து வெயில் பட்டதும் படிகம் உருகும்; தனித்தனி அறைகளில் இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கும்; காற்று பட்டுப் பழுப்பாகும். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதே வினைதான். அதனால்தான் இரவில் நல்லபடி தெரிந்த பூ மறுநாள் மதியத்துக்கு மேல் பழுப்பாகிறது. மரத்துக்கு எந்த நோவும் இல்லை. பட்டைக்கும் வேருக்கும் இலைமொட்டுக்கும் சேதமில்லை. போனது அந்த ஆண்டின் காட்சி மட்டும்.

வரைபடம் சொல்லாத சேதி

அமெரிக்காவில் கன்று வாங்கப் போனால் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டு தொங்கும். அதில் மண்டல எண் இருக்கும். அந்நாட்டு வேளாண் துறை போட்ட குளிர் மண்டல வரைபடத்தின் எண் அது. 2023-ல் புதுப்பித்த வரைபடம், 30 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவையும் எடுத்து அவற்றின் சராசரியைக் காட்டுகிறது. ஏழாம் மண்டலம் என்றால் அந்தச் சராசரி மைனஸ் 18-க்கும் மைனஸ் 12-க்கும் இடையே இருக்கும்.

நல்ல வரைபடம்தான். ஆனால் அது பதில் சொல்வது ஒரே கேள்விக்கு: இந்த மரம் ஜனவரியில் செத்துப்போகுமா? ஜப்பானிலிருந்து வந்த நட்சத்திர மேக்னோலியா நான்காம் மண்டலத்தின் மைனஸ் 34 வரைகூடத் தாங்கும் என்று சீட்டில் இருக்கும். உண்மைதான், மரம் தாங்கும். மிக முன்னதாகப் பூக்கும் மேக்னோலியாக்களில் அதுவும் ஒன்று என்பது சீட்டின் அந்த எண்ணில் இல்லை. பூவைக் கொல்வது ஏப்ரல் இரவு. அந்த இரவைப் பற்றி மண்டல எண் வாய் திறப்பதில்லை. மண்டலத்தை மட்டும் பார்த்து வாங்கியவர்கள்தான் வருடா வருடம் பழுப்புப் பூவைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

காலண்டரைப் பார்த்து மரம்

என் தங்கை மகன் வீட்டு மரத்தின் பூர்வீகம் சுவையானது. நெப்போலியனின் படையில் குதிரைப்படை அதிகாரியாக இருந்தவர் எத்தியென் சூலாஞ்ச்-போதான். போர்கள் ஓய்ந்ததும் தோட்டக்கலைக்குத் திரும்பினார். 1820-ல் பாரிஸ் அருகே, சீனத்து வெள்ளை மேக்னோலியா ஒன்றையும் ஊதா நிற லில்லி மேக்னோலியாவையும் கலந்தார். 1826-ல் முதல் பூ விரிந்தது. உலகில் இன்று மிக அதிகமாக நடப்படும் மேக்னோலியாக்களில் அந்தக் கலப்பும் ஒன்று. அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் வெள்ளைத் தாயின் அவசரம் அதற்கு வந்துவிட்டது.

இந்த அவசரத்தைத்தான் 1950களின் நடுவில் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவின் ஃபிரான்சிஸ் டிவோஸும் வில்லியம் கோசாரும் குறிவைத்தார்கள். லில்லி மேக்னோலியா குட்டை, தாமதமாகப் பூக்கும். நட்சத்திர மேக்னோலியா குளிருக்கு அஞ்சாதது. இரண்டையும் கலந்தால் பிந்திப் பூக்கிற, உறுதியான ஒரு சிறுமரம் கிடைக்காதா? கிடைத்தது. தேர்ந்தெடுத்த எட்டுக்கும் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோலப் பெயர்: ஆன், பெட்டி, ஜேன், ஜூடி, பிங்க்கி, ரேண்டி, ரிக்கி, சூசன். தோட்டக்காரர்கள் இவற்றைச் 'சின்னப் பெண்கள்' என்றே சொல்கிறார்கள். நட்சத்திர மேக்னோலியாவையும் சூலாஞ்ச்-போதானின் கலப்பையும்விட இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளிப் பூக்கும் என்பதே இவற்றின் சிறப்பு. மூன்று, நான்கு மீட்டருக்குமேல் பெரும்பாலும் வளராது. கோடையிலும் அங்கொன்று இங்கொன்றாகப் பூக்கும். சிறிய தோட்டத்துக்கு ஒரே ஒரு மேக்னோலியாதான் என்றால் நான் ஜேனைச் சொல்வேன், தயங்காமல்.

மஞ்சள் வேண்டுவோருக்கு வேறு வழி இருக்கிறது. கனடாவின் தென்கோடி வரை காட்டில் வளரும் வெள்ளரி மேக்னோலியா ஒன்று உண்டு. அதன் இளங்காய் பிஞ்சு வெள்ளரிபோல இருப்பதால் அந்தப் பெயர். பூ பச்சை கலந்த மஞ்சள், இலைக்குள் ஒளிந்துகொள்ளும். புரூக்ளின் தாவரவியல் தோட்டத்தில் ஈவாமரியா ஸ்பெர்பர் 1956-ல் அதைச் சீன வெள்ளை மேக்னோலியாவோடு கலந்தார். வெண்ணெய் நிறத்தில் பூத்த அந்த மரம் 1977-ல் எலிசபெத் என்ற பெயரில் வெளிவந்தது. தோட்டத்தின் இயக்குநராக இருந்த எலிசபெத் ஷோல்ட்ஸின் பெயர் அது. வெள்ளரித் தாயின் நிதானம் இதற்கு இருக்கிறது. ஆனால் பத்து மீட்டர் வளரும், இடம் வேண்டும்.

உறைபனிக் கவலையே வேண்டாம் என்பவர்கள் கோடையில் பூப்பதை நாடலாம். சதுப்பு மேக்னோலியா நியூ ஜெர்சியின் ஈரக்காடுகளுக்கே உரியது. 1680களிலேயே விர்ஜீனியாவிலிருந்து லண்டன் பிஷப் காம்ப்டனின் தோட்டத்துக்குப் போய், ஐரோப்பா கண்ட முதல் மேக்னோலியா ஆனது. மே கடைசியிலிருந்து கைப்பிடி அளவு வெள்ளைப் பூக்கள், எலுமிச்சை வாசனை, காற்றில் திரும்பினால் வெள்ளி மின்னும் இலை. மற்ற மேக்னோலியாக்களின் வேர் அழுகும் ஈரத்தில் இது செழிக்கும். பூ ஒன்றாகக் கொட்டாது, வாரக்கணக்கில் இரண்டிரண்டாக விரியும். நம் செண்பகத்தை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு வாசனையிலும் குணத்திலும் இதுவே நெருக்கம் என்று எனக்குப் படுகிறது.

தென்மாநிலங்களின் பெருமையான பெரும்பூ மேக்னோலியா என்றும் பசுமையானது. மிசிசிப்பிக்கும் லூசியானாவுக்கும் அதுவே மாநில மலர். பூ ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வரும். வடக்கே நட விரும்பினால், நியூ ஜெர்சியின் மாண்ட்கிளேரில் கடுங்குளிரைத் தாங்கி நின்ற ஒரு மரத்திலிருந்து வந்த 'எடித் போக்' வகையைக் கேளுங்கள். இலை உதிராததால் பனி அதன்மேல் குவிந்து கிளையை முறிக்கும். தோல்போன்ற இலைகள் ஆண்டு முழுவதும் விழுந்து லேசில் மக்காது. இந்த ஒரு மேக்னோலியாவுக்கு மட்டும் சுவரின் அணைப்பு நல்லது. அது ஜூனில்தான் பூக்கும், ஏப்ரல் அதை ஒன்றும் செய்யாது.

டூலிப் மரத்துக்கு எவ்வளவு இடம்?

மேக்னோலியாவில் கேள்வி காலம் பற்றியது. டூலிப் மரத்தில் அது இடம் பற்றியது.

ஜார்ஜ் வாஷிங்டன் 1785-ல் மவுண்ட் வெர்னன் வீட்டுமுன் நட்ட டூலிப் மரங்கள் இன்றும் நிற்கின்றன. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், நெடுஞ்சாலை இரைச்சலுக்குப் பக்கத்திலேயே ஒன்று நிற்கிறது: உயரம் சுமார் 40 மீட்டர், வயது 350-க்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். கிரேட் ஸ்மோக்கி மலைக்காட்டில் 58 மீட்டர் அளந்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை எட்டிப் பிடிக்கும் உயரம்.

இலை விந்தையானது, நுனியைக் கத்தரிக்கோலால் நேராக நறுக்கிவிட்டதுபோல இருக்கும். பூ பச்சை மஞ்சளில் கிண்ணமாக விரிந்து, அடியில் ஆரஞ்சுப் பட்டை தீட்டியிருக்கும். மேக்னோலியாவைப்போல வண்டை நம்பாமல் இது தேன் சுரக்கிறது. அமெரிக்கத் தேனீ வளர்ப்போர் மே மாதத்தில் இதை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். தேன் கருஞ்சிவப்பாக வரும். இலை வந்த பிறகு பூப்பதால் உறைபனி பெரும்பாலும் தொடாது. எல்லாம் நன்மைதான். ஆனால் கன்று பூக்கப் பதினைந்து, இருபது ஆண்டு ஆகலாம். அதற்குள் அது மாடியைத் தாண்டி வளர்ந்திருக்கும். பூவை மரத்தில் பார்ப்பதைவிட, அணில் கடித்துப் போட்டதைத் தரையில் பார்ப்பதே அதிகம்.

அமெரிக்கப் புறநகர் வீட்டு மனை கால் ஏக்கர் என்று வையுங்கள்: ஏறக்குறைய 30 மீட்டருக்கு 33 மீட்டர். நடுவில் வீடு. வளர்ந்த டூலிப் மரத்தின் குடை பத்துப் பதினைந்து மீட்டர் அகலம். மனையின் எந்த மூலையில் வைத்தாலும் குடையின் பாதி கூரைமேலோ பக்கத்து வீட்டுமேலோ மின்கம்பிமேலோ விழும். அசுவினி அதன் இலைக்கடியில் சேர்ந்து சாற்றை உறிஞ்சி, பிசுபிசுப்பான கழிவைச் சொட்டும்; கீழே நிற்கும் காரில் அது படிந்து கரும்பூசணம் பிடிக்கும். வறண்ட கோடையில் ஆகஸ்டிலேயே மஞ்சளாகி இலை உதிர்க்கும். மரம் மென்மையானது, புயலில் பெருங்கிளை முறியும். குறுகலாக வளரும் 'ஃபாஸ்டிஜியாட்டம்' என்ற வகை உண்டு. அதற்கும் அகலம்தான் மிகக் குறைவு, உயரம் அப்போதும் வீட்டைத் தாண்டும்.

ஒரு ஏக்கருக்குமேல் வைத்திருப்பவர் வீட்டிலிருந்து தள்ளி ஒன்று நட்டால், அது பேரப்பிள்ளைகளுக்குச் செய்யும் சீதனம். கால் ஏக்கரில் வேண்டாம். காட்டில் அண்ணாந்து பார்த்து மகிழ்ந்துவிட்டு வரலாம்.

அவன் நட்டது

அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் அவனும் மனைவியும் கன்று வாங்கப் போனார்கள். குளிர் முடிந்து மண் இளகும் நேரமே சரியான நேரம். மேக்னோலியாவின் வேர் தடித்துச் சதைப்பற்றாக இருக்கும். முறிந்தால் வளரும் பருவத்தில்தான் ஆறும். இலையுதிர்காலத்தில் நட்டால் தூங்கும் வேர் ஆறாமல் அழுகக்கூடும். பெரிய மரத்தைத் தேடாமல், ஆள் உயரத்தில் ஒரு கன்று வாங்கச் சொன்னேன்.

வீட்டின் வடமேற்கில், சுவரிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, சரிவின் மேற்பக்கத்தில் ஜேன். பின்வாசலில் மழைநீர் தேங்கும் தாழ்ந்த மூலையில் சதுப்பு மேக்னோலியா. குழியை ஆழத்தில் குறைத்து அகலத்தில் கூட்டினார்கள். தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதற்குக் கீழே தண்டைப் புதைக்கவில்லை. மேலே நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு, தண்டைத் தொடாமல். வேர் மேலாகவே ஓடுவதால் அடியில் பூச்செடி நட்டு ஆண்டுக்கு ஆண்டு கொத்தக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன்.

தென்சுவர் மரத்தை வெட்டவில்லை. மே நடுவில் அது பச்சைக் குடையாக நிற்கும் படம் வந்தது. ஜூலையில், நான் கேட்டதற்காக, ஒரு கிளை நுனியை அருகில் வைத்து எடுத்து அனுப்பினான். இலைக்கு நடுவே சுண்டுவிரல் நகம் அளவில், சாம்பல் ரோமத்தோடு, அடுத்த ஏப்ரலின் மொட்டு.

உங்கள் வீட்டிலோ, உங்கள் பிள்ளைகள் வீட்டிலோ இப்படி ஒரு மரம் பழுப்பானால் ஆளைக் கூப்பிட்டு வெட்டிவிடாதீர்கள். கவாத்து செய்ய வேண்டுமானால் பூ உதிர்ந்த இரண்டு வாரத்துக்குள் செய்துவிடுங்கள். ஆகஸ்டுக்குமேல் அந்தக் கிளைகளில் கத்தரி வைத்தால், வெட்டி விழுவது அடுத்த வருடத்துப் பூ.